ரெய்னோவின் பட்டறையும் கேட்காத வெடிகளும்

ரெய்னோ புஹக்காவின் லேத் பட்டறைக்கு சைலன்சர் வாங்க வருகிறவர்கள் முதலில் ஒரு வாளியைத்தான் பார்ப்பார்கள். கதவுக்குப் பக்கத்தில், முக்காலியின் மேல், பனிக்கட்டி மிதக்கும் தண்ணீர். வாங்குகிறவர் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை அதில் விட வேண்டும். மூன்று நிமிடம். அப்புறம் அந்த மரத்துப்போன விரல்களால், துப்பாக்கிக் குழலின் நுனியில் திருகியிருக்கும் சைலன்சரைத் தானே கழற்றிக் காட்ட வேண்டும். கழற்ற முடியாவிட்டால் விற்பனை கிடையாது.

ஹெல்சிங்கியிலிருந்து வந்த ஒருவர் சிரித்துவிட்டார்.

"நான் வேட்டைக்காரன்யா. டாக்டர் பரிசோதனைக்கா வந்திருக்கேன்?"

"கைய விடு."

"விடலன்னா?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க்ல நல்ல காபி கிடைக்கும். குடிச்சிட்டுக் கிளம்பு."

அவர் கையை விட்டார். ரெய்னோ சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. ரெய்னோ என் அக்கா ஐலாவின் கணவர். இருபத்திரண்டு வருடம் அவருடைய பட்டறையில் இரண்டாவது லேத்தில் நின்றவன் நான். எனக்குத் தெரியும். எங்கள் ஊர் கொய்வுவாராவில் எல்லோருக்கும் பாதி தெரியும்.

ரெய்னோவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை. பதினாலு வயதில் பஸ் கம்பெனி ஷெட்டில் தரை கூட்டப் போனார். கூட்டிக்கொண்டே லேத்காரரின் கைகளைப் பார்த்தார். இருபத்தைந்து வயதில், ஏலத்துக்கு வந்த பழைய சோவியத் லேத் ஒன்றை வாங்கி, உறைந்த ஏரியின் மேல் மரம் இழுக்கும் குதிரைச் சறுக்குவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பனி விரிசல்விடும் ஓசை கேட்கும்போதெல்லாம் குதிரையை நிறுத்தி, தான் மட்டும் இறங்கி நின்றாராம். லேத்தை இறக்க முடியாதல்லவா.

மைக்ரோமீட்டரைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் அளப்பார். அடுப்பு மூட்டுவதற்கு முன் கடைந்த உருளையை மதியம் பட்டறை சூடானதும் மறுபடி அளப்பார். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் தூக்கி எறிய மாட்டார். ஏன் ஒத்துப்போகவில்லை என்று தெரியும் வரை மேசையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மரம் வெட்டும் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்துதான் குடும்பம் ஓடியது.

சைலன்சர் வந்தது நாயால். ஹல்லி என்று ஒரு கறுப்பு வேட்டைநாய். கடமானை மடக்கி நிறுத்துவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு இலையுதிர் காலத்தில் அதன் தலைக்குப் பக்கத்தில் யாரோ சுட்டுவிட்டார்கள். அதன் பிறகு துப்பாக்கியை ஆணியிலிருந்து எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்து நடுங்கும். ரெய்னோவுக்கே முப்பது வயதிலிருந்து இடது காதுக்குள் ஓயாத ரீங்காரம், ஒரு கொசு மாதிரி. சாகாத கொசு. தனக்காக ஒன்றும் செய்துகொள்ளாதவர், நாய்க்காக ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து முதல் சைலன்சரைச் செய்தார்.

"நாய்க்காகத் துப்பாக்கிக்குத் தொப்பி தெச்சவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா," என்றார் கௌகோ.

கௌகோ லாசனன் ரெய்னோவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். ஏரிக்கு இந்தப் பக்கம் ரெய்னோ வீடு, அந்தப் பக்கம் கௌகோ வீடு. தபால் அலுவலகத்தில் வேலை. கொய்வுவாரா வேட்டைக் கழகத்தில் அவருடைய காதுக்குத்தான் மதிப்பு அதிகம். நாய் எந்த மேட்டுக்குப் பின்னால் குரைக்கிறது என்று அவர் கை காட்டினால் எல்லோரும் அந்தப் பக்கம் நடப்பார்கள். கருவி வாங்கப் பணமில்லாத ரெய்னோவுக்கு அந்தக் காதே கருவியாயிற்று. இவர் சரளைக் குழியிலிருந்து, நேரம் சொல்லாமல், விட்டுவிட்டுப் பத்து குண்டு சுடுவார். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் படகுத்துறையில் கௌகோ கையில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு, கேட்ட ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கோடு போடுவார். முதல் வருடம் பத்துக்குப் பத்து. அடுத்த வருடம் ஏழு. பிறகு மூன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்றேயில்லாத நாளில், கௌகோ வெறும் காகிதத்தோடு வந்தார்.

"சுட்டியா இல்லையா நீ?"

"பத்தும் சுட்டேன்."

"தூங்கிட்டேன்னு நெனைக்காத. மீன் துள்ளுனது கேட்டுச்சு. அந்தக் கரையில என் வீட்டுக்காரி ஹில்கா கம்பளம் தட்டுனது கேட்டுச்சு. உன்னுது கேக்கல." காகிதத்தை ரெய்னோவின் சட்டைப்பையில் செருகினார். "பாதிரியாருக்கு ஒண்ணு செஞ்சு குடு. நாமளும் பிரசங்கத்துல நிம்மதியா தூங்கலாம்."

அன்று என் அக்கா ரை தானிய மாவில் அரிசி வைத்துப் பணியாரம் சுட்டிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும், காகிதத்தில் ஒரு கோடும் விழவிடாத அந்தச் சைலன்சர் தனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார் கௌகோ.

இரண்டு வேட்டைப் பருவம் கழித்து அது பட்டறைக்குத் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவை சுடும்போதும் சைலன்சரின் திருகு மரை இளகிவிடுகிறது, ஒரு நல்ல காட்டுக்கோழி அதனால் தப்பிவிட்டது என்று கௌகோ கத்தினார். ரெய்னோவுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் கைவேலை இளகியது என்று அவர் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. மரையை இறுக்கமாகப் புதிதாக வெட்டிக்கொடுத்தார்.

"இனிமே இது கழலணும்னா பட்டறைக்கு வந்து வைஸ் இடுக்கியில புடிச்சாத்தான் உண்டு," என்றார். பெருமையாகத்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். கௌகோவும் மகிழ்ச்சியாகத்தான் வாங்கிக்கொண்டு போனார்.

அது தொண்ணூற்றெட்டு ஆகஸ்ட். அக்டோபர் பதின்மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, கௌகோ படகில் ஏரியின் வடகோடிக்குக் காட்டுக்கோழி சுடப் போனார். நாய் இணைசேரும் பருவத்தில் இருந்ததால் வீட்டில் கட்டிவிட்டுப் போனார். கைபேசி அவரிடம் இல்லை. இருந்திருந்தாலும் வடகோடிச் சதுப்புக் காட்டில் சிக்னல் கிடையாது. மாலை திரும்பவில்லை. ராத்திரி பனியும் மழையும் கலந்து அடித்தது.

புதன்கிழமை விடியும்போது கழகத்து ஆட்கள் பதினாலு பேர் வடகோடியில் வரிசை பிடித்தோம். காட்டில் மாட்டிக்கொண்டவன் மூன்று வெடி வைப்பான். சம இடைவெளி விட்டு மூன்று. தேடுகிறவன் ஒரு வெடியால் பதில் சொல்வான். இதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரைமணிக்கு ஒரு தடவை எல்லோரும் நின்று, மூச்சைப் பிடித்துக் கேட்டோம். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. வேறொன்றும் இல்லை. வியாழக்கிழமை காலையிலும் அதேதான். பத்து மணிக்கு அவருடைய படகு காலியாகக் காற்றில் அலைந்துகொண்டிருந்ததை ஒருவர் கண்டார்.

நாங்கள் நெருப்பு மூட்டி அதைச் சுற்றி நின்றோம். ரெய்னோதான் சொன்னார்.

"கரையில இருந்தா சுட்டிருப்பான். சுட்டா நமக்குக் கேட்டிருக்கும்."

எல்லோரும் தலையாட்டினோம். அன்று மதியத்திலிருந்து காட்டை விட்டுவிட்டு, கொக்கி போட்டு ஏரியைத் துழாவ ஆரம்பித்தோம். அந்தப் பதினாலு பேரில் பதினொரு பேர் தோளில் இருந்த துப்பாக்கியில் ரெய்னோ செய்த சைலன்சர். என் தோளிலும்தான். ஒருவருக்கும் தோன்றவில்லை. முப்பது நாற்பது வருடமாக வெடி என்றால் கேட்கும் என்றே பழகிய காது. தோளில் தொங்குவது என்ன என்று அது யோசிக்கவில்லை.

சனிக்கிழமை, மரங்களுக்குக் குறி போட வந்த வனத்துறை ஆள் ஒருவர் சதுப்புக்கு அப்பால் பாறை இடுக்கில் கௌகோவைக் கண்டார். கணுக்கால் கல்லுக்கிடையில் மாட்டி ஒடிந்திருந்தது. புதன்கிழமை எங்கள் வரிசை நடந்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். துப்பாக்கி மடியில் இருந்தது. போலீஸ் அதை எடுத்துக்கொண்டு போனது. இதயம் நின்றிருக்க வேண்டும், செவ்வாய்க்கிழமையே முடிந்திருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று டாக்டர் எழுதினார். அடக்கத்தன்று எல்லோரும் அவர் மனைவி ஹில்கா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார்கள். ரெய்னோ மட்டும் சொல்லவில்லை. குளிர்கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் பட்டறை மாறியது. லேத் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று அவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையைத் தூக்குவார். நானும் என்னுடையதை அணைக்க வேண்டும். சக்கரம் சுற்றி ஓயும்வரை அப்படியே நிற்பார்.

"கேட்டுச்சா?"

"என்ன அத்தான்?"

"ஒண்ணுமில்ல. போடு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. ஒரு நாளில் பதினைந்து, பதினாறு தடவை. கடிகாரத்தை நான் கவனிக்க ஆரம்பித்தேன். அரைமணிக்கு ஒரு தடவை. சாப்பிடும்போது ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவார் என்று ஐலா அக்கா சொன்னாள். நீராவிக் குளியலில், சூடான கற்களில் தண்ணீர் ஊற்றப்போன கையை அப்படியே நிறுத்துவார். ஒருநாள் நான் பொறுக்காமல் கேட்டேன்.

"என்னதான் கேக்குது உங்களுக்கு?"

"எனக்குக் கேக்கல மச்சான். அதான் பிரச்சின." காதைத் தடவினார். "கொசு பாடுது. அதுக்குப் பின்னால ஏதோ இருக்கு. எட்ட மாட்டேங்குது."

"டாக்டர் எழுதிட்டாரே, அன்னைக்கே முடிஞ்சிருக்கும்னு."

"டாக்டர் துப்பாக்கியப் பாக்கல."

துப்பாக்கி வந்தால் தெரிந்துவிடும் என்று அவர் காத்திருந்தார். வரவே கூடாது என்றும் காத்திருந்தார். சைலன்சர் கேட்டு வந்த கடிதங்கள் ஜன்னலோரம் சேர்ந்துகொண்டே போயின. பிரிக்கவில்லை.

மார்ச் மாதம், வெயிலில் கூரைப்பனி சொட்டத் தொடங்கிய ஒரு காலையில், ஹில்கா அக்கா சறுக்குக்கட்டைகளில் ஏரியைக் கடந்து வந்தார். முதுகில் துப்பாக்கி உறை.

"போலீஸ்காரங்க குடுத்துட்டாங்க," என்றார். "பையனுக்கு வேண்டாமாம். ஸ்வீடன்ல எதைச் சுடப் போறான். ஒரு ஆள் வாங்கிக்கறேன்னிருக்காரு, ஆனா நுனியில இருக்கிற உன் சாமான் வேண்டாமாம். கழட்டிக் குடு ரெய்னோ. நானும் முயற்சி பண்ணேன், அசையல."

"வெச்சிட்டுப் போ."

"ரெண்டு நிமிஷ வேலதானே?"

"வெச்சிட்டுப் போ ஹில்கா."

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். காபியைக் குடித்தார். போகும்போது, "அடுத்த வாரம் கல்லறைக் கல் வெட்றவர் வராரு, அவரு போன தேதி கேட்டிருக்காரு. ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கணும் எனக்கு, பதிமூணு, பதிமூணுன்னு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெய்னோ உறையைப் பிரித்து, விளக்கை இழுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டினார். ரொம்ப நேரம் தொடவே இல்லை. பிறகு விரல் நகத்தால் சைலன்சரின் அடிப்பக்கத்தைச் சுற்றி வந்தார்.

"பாரு," என்றார்.

கையால் பிடித்துத் திருகும் இடத்தில் முதலில் மெல்லிய கீறல்கள். கத்தி முனை வழுக்கியது. அதற்கு மேல் பள்ளங்கள், கல்லால் தட்டியது. கண்டபடி தட்டவில்லை, ஒரே திசையில், கழலும் திசையில், சுற்றிச் சுற்றி. அதற்கும் மேல் வழவழவென்று தேய்ந்த ஒரு வளையம். அந்த வளையத்தில் கறுத்து ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நூல் பிசிறை இடுக்கியால் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தார்.

"பூட்ஸ் கயிறு," என்றார். "கயித்தைச் சுத்தி, உள்ள குச்சிய விட்டு முறுக்கியிருக்கான். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். கத்தி, அப்புறம் கல்லு, அப்புறம் கயிறு. ஒவ்வொண்ணா யோசிச்சிருக்கான். இதயம் நின்ன ஆளு யோசிக்க மாட்டான் மச்சான்."

"இது பழைய கீறலா இருக்கலாம்."

"போன ஆகஸ்ட்ல நான்தான் துடைச்சுக் குடுத்தேன்."

வைஸில் பிடித்துக் கழற்றினார். உள்ளே கரி அப்பியிருந்தது. இரண்டு மூன்று குண்டின் கரி இல்லை அது. அவர் விரலில் படிந்த கறுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவனுக்குத் தெரியும்," என்றார். "படகுத்துறையில உக்காந்து வெத்துக் காகிதம் கொண்டாந்தவன் அவன்தான். சுட்டுட்டு, நமக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் இதக் கழட்டப் பாத்திருக்கான். நான் இறுக்கி வெச்சேன்."

ஹில்கா அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நான் வாதாடினேன். சொன்னால் யாருக்கு என்ன கிடைக்கும்? அவராவது நிம்மதியாகத் தூங்குகிறாரே. நான்கு நாள் அந்தச் சைலன்சர் மேசையில், ஒத்துப்போகாத உருளைகள் கிடக்கும் இடத்தில் கிடந்தது. ஐந்தாம் நாள் காலை கோட்டை மாட்டிக்கொண்டு, "வண்டிய எடு. ஹில்கா வீட்டுக்கு," என்றார்.

ஹில்கா அக்கா அடுப்படியில் சின்ன மீன்களைக் ரை மாவில் புரட்டிப் பொரித்துக்கொண்டிருந்தார். ரெய்னோ உட்காரவில்லை. சைலன்சரை மேசையில் வைத்தார். நூல் பிசிறை வைத்தார். எந்தக் கீறல் எதனால் வந்தது என்று வரிசையாக, ஒரு வாடிக்கையாளருக்கு விளக்குவதுபோல் விளக்கினார். விளக்கி முடித்ததும்தான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அக்கா அடுப்பை அணைத்தார். உள்ளே போய் ஒரு பழுப்பு உறையை எடுத்துவந்தார். போலீஸ் திருப்பிக் கொடுத்த சாமான்களின் பட்டியல். விரலால் ஒரு வரியைக் காட்டினார்: தோட்டா, இரண்டு.

"கிளம்பற அன்னைக்கு இந்த மேசையிலதான் புதுப்பெட்டிய பிரிச்சாரு," என்றார். "இருபது. காலிப்பெட்டிய நான்தான் அடுப்புல போட்டேன். சுட்டதா ஒரு கோழிகூட அவரு பக்கத்துல இல்ல. எனக்கு இது புரியவே இல்ல ரெய்னோ. யாரையும் கேக்கவும் முடியல. பதினெட்டு எங்க போச்சு?"

ரெய்னோவின் உதடுகள் அசைந்தன. நானும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மும்மூணா," என்றார் அவர். "ஆறு தடவ."

"ஒரே மூச்சுலயா?"

"அவனா? மாட்டான். விட்டு விட்டு வெச்சிருப்பான். ஆள் வர நேரம் பாத்து. ரெண்ட வெச்சிருந்திருக்கான் பாரு, யாராவது கிட்ட வந்தா பதில் சொல்ல."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ நீங்க ஏன் ஏரிக்குப் போனீங்க?"

"நான்தான் சொன்னேன். கரையில இருந்தா சுட்டிருப்பான், நமக்குக் கேட்டிருக்கும்னு. வேற யாரும் சொல்லல. நான் சொன்னேன், அவங்க கேட்டாங்க."

"நீயா சொன்ன?"

"நான்தான்."

ஜன்னலுக்கு வெளியே நாய் சங்கிலியை இழுத்தது. அக்கா அந்தச் சைலன்சரைக் கையில் எடுத்து, தேய்ந்த வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். ரெய்னோவைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ரெய்னோவும் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"என்னைக்கு?" என்றார் அக்கா. "ஏரிக்கு என்னைக்குப் போனீங்க?"

"வியாழக்கிழமை. பதினஞ்சு."

"சரி."

"ஹில்கா, அன்னைக்கு வரைக்கும் அவன் இருந்தான்னு நான் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது. புதன்கிழமையே கூட..."

"உன்ன நான் கேக்கல. அவரு செத்த நாள் அவருக்குத்தான் தெரியும். நீங்க அவர விட்ட நாள் எனக்குத் தெரியும். அதைத்தான் வெட்டச் சொல்லப் போறேன்." கரண்டியை எடுத்து மீன்களை மூன்று தட்டில் வைத்தார். "ஆறிப்போச்சு. சாப்பிடுங்க."

சாப்பிட்டோம்.

கல் வெட்டுகிறவர் தேவாலய அலுவலகத்துக்கு ஃபோன் செய்திருக்கிறார். பாதிரியார் நேரில் வந்து, பதிவேட்டில் பதின்மூன்று என்றுதானே இருக்கிறது என்று மென்மையாகச் சொன்னாராம். "காகிதம் உங்ககிட்ட இருக்கட்டும் ஐயா. கல்லு நான் வாங்குனது," என்றாராம் அக்கா.

ஜன்னலோரக் கடிதங்களை ரெய்னோ பிரித்த அந்த வசந்தத்தில்தான் கதவுக்குப் பக்கத்தில் பனிக்கட்டி வாளியும் வந்தது. ஜூன் மாதம் கல் நட்டார்கள். கழகத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தோம். வரிசையாக நின்று தேதியைப் படித்தோம். வெளியூர்க்காரனுக்கு அது ஒரு எண். எங்களுக்கு அந்த நெருப்பும், தலையாட்டியதும். படித்தவுடன் இரண்டு பேர் காபிக்குக்கூட நிற்காமல் வண்டியேறிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் இன்றுவரை ஹில்கா அக்காவுடன் பேசுவதில்லை.

ரெய்னோ போகவில்லை. எல்லோரும் விலகிய பிறகு கல்லின் முன் மண்டியிட்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டி, பதினைந்து என்று வெட்டியிருந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து, ஒவ்வொரு எண்ணின் ஆழத்தையும் மேலிருந்து கீழாக நிதானமாகத் தடவிப் பார்த்தார். ஹில்கா அக்கா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சரியா இருக்கா?" என்று கேட்டார்.

ரெய்னோ நகத்தை எடுக்காமல் சொன்னார்: "சரியா இருக்கு."